கப்பலுக்கு ஜப்தி!

கடன் பாக்கிக்காக அமீனா வந்து அண்டா குண்டாவை ஜப்தி செய்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தேசத்தின் கடற்படைக் கப்பலையே பிடித்து நிறுத்திய கதை தெரியுமா?

2012 அக்டோபரில், அர்ஜென்டினாவின் பாய்மரப் பயிற்சிக் கப்பல் 'லிபர்ட்டாட்', முந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவில் கானா தேசத்து டேமா துறைமுகத்துக்கு வந்தது. உடனே கோர்ட் உத்தரவு: கப்பல் நகரக் கூடாது! 'லிபர்ட்டாட்' என்றால் ஸ்பானிய பாஷையில் சுதந்திரம். பாவம்!

வாதி யார் என்கிறீர்களா? அமெரிக்கச் செல்வர் பால் சிங்கரின் 'எலியட்' முதலீட்டு ஸ்தாபனத்தைச் சேர்ந்த 'என்.எம்.எல். காப்பிடல்' கம்பெனி.

2001-ல் அர்ஜென்டினா கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. பாங்கியில் போட்ட சொந்தப் பணத்தையே வாரத்துக்கு 250 பெஸோவுக்கு மேல் எடுக்க விடவில்லை. குடும்பப் பெண்கள் வாணலியும் கரண்டியுமாகத் தெருவுக்கு வந்து தட்டினார்கள். பிறகு 2005-லும் 2010-லும் சமரசம். பத்திரக்காரர்களில் பெரும்பாலோர், நூற்றுக்குச் சுமார் 93 பங்கினர், 'ரூபாய்க்கு ஐந்தணா வந்தாலும் சரி' என்ற கணக்கில் ஒப்புக்கொண்டார்கள்.

எலியட் மசியவில்லை. நொடித்த கடனை மலிவாக வாங்குவது, சமரசத்துக்கு வர மறுப்பது, முழுத் தொகையும் வட்டியும் கேட்டு வழக்காடுவது—இதுதான் வியாபாரம். வக்கீல் பீஸ்தான் முதல், பொறுமைதான் சரக்கு! 1996-ல் சுமார் 1 கோடியே 14 லட்சம் டாலருக்கு வாங்கிய பெரு தேசத்துக் கடனுக்கு, 2000-ல் ஐந்து கோடிக்கு மேல் கறந்துவிட்டார்கள்.

எழுதிக் கொடுத்த நோட்டுக்குப் பணம் கேட்பது தப்பா? தப்பில்லைதான். ஆனால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் ஊர் திரும்ப, காப்டனும் சிலரும் கப்பலுக்குக் காவல் இருந்தார்கள். டிசம்பரில் ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடல் நீதிமன்றம் தலையிட்டுக் கப்பலை விடுவித்தது. அடுத்த மாதம், ஜனாதிபதி அம்மாள் கிறிஸ்டினா கிர்ச்னர் வெளிநாடு செல்லச் சொந்த விமானத்தை எடுக்கவில்லை. அதையும் பிடித்துவிட்டால்? வாடகை விமானம்தான்!

நியூயார்க் நீதிபதி தாமஸ் கிரீஸா போட்ட முடிச்சு இதைவிடப் பெரிது. வழக்காடுகிறவர்களுக்குக் கொடுக்காமல், சமரசத்துக்கு இசைந்தவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்றார். 2014-ல் மறுபடி தவணை தவறியது. 2016-ல் புது சர்க்கார் பணிந்தது. சுமார் 61 கோடியே 70 லட்சம் டாலர் அசலுக்கு என்.எம்.எல். பெற்றது சுமார் 228 கோடி!

அவ்வளவு பணம் ஏது என்கிறீர்களா? அர்ஜென்டினா புதிதாகக் கடன் பத்திரம் விற்றது, 1,650 கோடி டாலருக்கு!