எம்.பி.ஏ. படித்த பிள்ளை கடைக்குத் திரும்புவானா?

நமது வணிகக் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி இது. பிள்ளை பி.காம். முடித்துவிட்டான். அடுத்து எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்கிறான். மகள்களும் இதையே கேட்கிறார்கள். படிக்க வைத்தால் சம்பள வேலைக்குப் போய்விடுவான், கடை நம்மோடு முடிந்துவிடும் என்பது ஒரு பயம். படிக்க வைக்காவிட்டால், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளையும், செல்போனில் ஆர்டர் வாங்கி வீட்டுக்கே சரக்கு அனுப்பும் கம்பெனிகளையும் அவன் எப்படிச் சமாளிப்பான் என்பது இன்னொரு பயம். இரண்டுமே நியாயமான பயங்கள்தாம். ஆகவே, அந்தப் படிப்பு ஒருவனை என்னவாக மாற்றுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

வியாபாரிகளும் சேர்ந்து வளர்த்த படிப்பு

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-ல் வணிக மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கியது. நமது நாட்டில் 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். கல்லூரிகள் தோன்றின. அகமதாபாத் கல்லூரி அரசு மட்டும் கட்டியது அல்ல. மத்திய அரசும் குஜராத் அரசும் அந்த ஊர்த் தொழிலதிபர்களும் கைகோத்து அதை உருவாக்கினார்கள். விஞ்ஞானி விக்ரம் சாராபாயும், ஜவுளி ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் முன்னின்றார்கள். போர்டு அறக்கட்டளை பண உதவி செய்தது. ஹார்வர்டு கல்லூரி வழிகாட்டியது. ஆக, இது வியாபாரிகளுக்கு அந்நியமான படிப்பு அல்ல.

வகுப்பில் நடப்பது என்ன?

ஹார்வர்டிலும் அகமதாபாத்திலும் பெரும்பாலான பாடங்கள் உண்மையான தொழில் நிலவரங்களைக் கொண்டே நடத்தப்படுகின்றன. ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலை, அதன் கணக்கு விவரங்களோடு எழுதி மாணவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். 'அந்த முதலாளியின் நாற்காலியில் நீ இருந்தால் என்ன செய்வாய்?' என்பதுதான் கேள்வி. கடைசிப் பக்கத்தில் விடை இருக்காது. ஒருவன் ஒரு வழி சொல்வான். அடுத்தவன் அதை மறுப்பான். இரண்டு ஆண்டுகளில் இப்படி நூற்றுக்கணக்கான நிலவரங்களைப் படித்து வாதாடுகிறார்கள். முழு விவரம் கையில் இல்லாதபோதும் முடிவெடுக்கும் துணிவு, சொன்னதற்குக் கணக்கு காட்டும் பழக்கம், எதிராளியின் நிலையிலிருந்து யோசிக்கும் புத்தி ஆகிய மூன்றும் இதனால் வருகின்றன.

கணக்கு காட்டும் பழக்கம் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய் முதலை அரிசியில் போடுகிறீர்கள். ஒரு சுற்றுக்கு 3 சதவீதம்தான் லாபம். ஆனால் சரக்கு மாதம் இருமுறை விற்றுத் திரும்பினால், ஆண்டுக்கு 24 சுற்று, ரூ.72,000. அதே முதலை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டால் 15 சதவீதம் நிற்கிறது. ஆனால் ஆண்டுக்கு 3 சுற்றுதான் என்றால் ரூ.45,000. இரண்டும் கடைச் செலவு கழிப்பதற்கு முன் உள்ள தொகைகள். குறைந்த லாபம் வைத்து வேகமாக விற்பதே மேல் என்று நம் பெரியவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். படித்தவன் அதைச் சரக்கு வாரியாக எழுதிக் காட்டுவான்.

கடனுக்கும் இதே கணக்குதான். அந்த அரிசியை 60 நாள் கடனுக்குக் கொடுக்கிறீர்கள். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 3 ரூபாய் போய்விடுகிறது. லாபம் முழுவதும் வட்டிக்கே சரி! வண்டி வாடகையும், எடைக் குறைவும், வராக் கடனும் கைமுதலில் இருந்துதான் போகும். விற்பனை பெருகியும் கையில் பணம் தங்காத பல கடைகளின் ரகசியம் இதுதான்.

அதிகாரியாகும் பட்டதாரி

இந்தத் திறமைக்கு நல்ல சம்பளம் கிடைக்கிறது. படிப்பு முடியும் முன்பே கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கின்றன. கல்விக் கடனைக் கட்ட வேண்டியவன் சம்பள வேலையைத்தான் முதலில் பார்ப்பான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோப்பு, பிஸ்கட் கம்பெனிகளின் விற்பனை அதிகாரிகளாக நம் கடைகளுக்கு வருபவர்களில் பலர் இப்படிப் படித்தவர்களே.

அந்த வேலையால் அவர்களுடைய பார்வையும் மாறுகிறது. அவர்களுக்கு நமது கடை, பட்டியலில் உள்ள ஓர் எண். மாதக் கடைசியில் இருபது பெட்டி கூடுதலாக இறக்கச் சொல்வது, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இலக்கை முடிப்பதற்காகவே. நமக்கு முதல் முடங்குகிறது என்பது அவர்கள் கணக்கில் வராது. ஒரு வாடிக்கையாளரை மூன்று தலைமுறையாகத் தெரிந்து வைத்திருப்பது எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொல்வது இந்த இடத்தில்தான் பொருந்துகிறது.

கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர்

ஆனால் அதே படிப்பைப் படித்து வேறு விதமாகச் சிந்தித்தவரும் உண்டு. சி.கே.பிரகலாத் 1941-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தார். பத்தொன்பது வயதில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். அதன் பிறகே அகமதாபாத் சென்று 1966-ல் மேலாண்மைப் படிப்பை முடித்தார். பின்பு ஹார்வர்டில் முனைவர் பட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதில் உலகப் புகழ் பெற்றார். 2010-ல் காலமானார்.

அவர் 2004-ல் வெளியிட்ட நூல் ஏழைகளை வாடிக்கையாளர்களாக மதிப்பதைப் பற்றியது. அதற்கான ஆய்வுகளை அவருடைய மாணவர்கள் நேரில் சென்று செய்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதில் இடம்பெற்றது. பிரேசில் நாட்டின் 'காசாஸ் பாயா' என்ற கடைத் தொடரும் இடம்பெற்றது. அதை நிறுவிய சாமுவேல் கிளைன் 1950-களில் போர்வை, படுக்கை விரிப்புகளை வண்டியில் வைத்து வீடு வீடாக விற்றவர். நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்கும் தவணைக்குப் பொருள் கொடுத்தார். மாதா மாதம் அட்டையோடு கடைக்கே வந்து தவணை கட்ட வைத்தார். கட்ட வந்தவர் அடுத்த பொருளையும் பார்த்துச் சென்றார். நம் ஊர் தவணைக் கடைக்காரருக்கு இதில் புதிது ஏது?

கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் பெட்டிக் கடை வரை கொண்டு சேர்த்ததும் இதே அறிவுதான். தெருவில் பிறந்த அறிவைக் கல்லூரி எழுதி வைக்கிறது. கணக்கிட்டுப் பெரிதாக்கவும் கற்றுக் கொடுக்கிறது. நமக்கு இரண்டுமே வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. பள்ளி முடித்ததும் நேரே கல்லூரி, அதன் பின் நேரே எம்.பி.ஏ. என்று அனுப்பாதீர்கள். இடையில் ஓரிரு ஆண்டு வேறொருவர் கடையிலோ ஆலையிலோ வேலை பார்க்கட்டும். பிரகலாத் அப்படித்தான் சென்றார்.

2. படிப்பு முடித்து வருபவனைக் கல்லாவில் வெறுமனே உட்கார வைக்காதீர்கள். ஒரு சரக்கின் பொறுப்பை, கொள்முதல் முதல் வசூல் வரை, முழுவதும் கொடுங்கள். இவ்வளவு ரூபாய் வரை நஷ்டமானாலும் கேட்க மாட்டேன் என்று ஒரு வரம்பு கட்டுங்கள். மாதச் சம்பளமும் கொடுங்கள்.

3. பேரேட்டை மறைக்காதீர்கள். யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு தேங்கி நிற்கிறது என்பது தெரியாதவனால் எந்தப் படிப்பையும் கடையில் பயன்படுத்த முடியாது.

4. குடும்பத் தொழில் நடத்துவோருக்கென்றே சில கல்லூரிகளில் தனிப் படிப்புகள் வந்துள்ளன. கடையை விடாமலே இவற்றில் படிக்கலாம். சேர்ப்பதற்கு முன் விசாரியுங்கள்.

5. மகளுக்கு விருப்பம் இருந்தால் அவளுக்கும் இதே வாய்ப்பைக் கொடுங்கள்.

படித்த பிள்ளை சம்பளத்துக்காக மட்டும் கடையை விட்டுப் போவதில்லை. கடையில் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதாலும் போகிறான். 'அந்தக் காலத்தில் இருந்து இப்படித்தான்' என்ற ஒரே பதிலைக் கேட்டு எத்தனை நாள் நிற்பான்? முடிவெடுப்பதற்காகவே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவனுக்கு, முடிவெடுக்க ஒரு மூலையாவது கடையில் இருக்க வேண்டும். அதை ஒதுக்கித் தருவது தகப்பனார் கையில்தான் இருக்கிறது.