வளர்ப்புப் பல்லிகளுக்கு வீட்டிலேயே பட்டுப்புழு: காட்கோபர் குடியிருப்புகளில் சாத்தியமா?

மும்பை:

பட்டுச்சேலைக்கு நூல் தரும் பட்டுப்புழு, வீடுகளில் வளர்க்கப்படும் அயல்நாட்டுப் பல்லிகளுக்கு உணவாகவும் பயன்படுகிறது. மும்பையின் காட்கோபர் போன்ற நெருக்கமான பகுதிகளில், அடுக்குமாடி வீட்டின் ஓர் அறை மூலையிலேயே இப்புழுவை வளர்க்க இயலும். ஆனால், இம்முயற்சியின் வெற்றியைத் தீர்மானிப்பது இடவசதி அன்று. நாள்தோறும் கிடைக்க வேண்டிய தூய்மையான மல்பெரி இலையே ஆகும்.

பட்டுப்புழுவைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

பல்லிகளுக்கு வழக்கமாக அளிக்கப்படும் சில்வண்டுகள் இரவில் ஒலி எழுப்புபவை. கூண்டிலிருந்து தாவித் தப்பக்கூடியவை. பட்டுப்புழு அவ்வாறன்று. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாக மனிதரால் வளர்க்கப்பட்டு வருவதால், அது தானாக இரை தேடி வாழும் திறனை இழந்துவிட்டது. இலை வைக்கப்பட்ட தட்டை விட்டு அது பெரும்பாலும் நகர்வதில்லை. அதன் அந்துப்பூச்சியாலும் பறக்க இயலாது. உடல் மென்மையாக இருப்பதால் பல்லிகளுக்கு எளிதில் செரிக்கிறது.

பட்டுப்புழுவின் எடையில் 80 சதவீதத்திற்கு மேல் நீர் ஆகும். புரதம் ஏறத்தாழ 9 சதவீதம் உள்ளது. கொழுப்பு மிகக் குறைவு. எனினும், இப்புழுவில் சுண்ணாம்புச் சத்து நிறைந்துள்ளது என்று பரவலாக நிலவும் கருத்து சரியானதன்று. அதில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பன்மடங்கு அதிகம். எனவே, கால்சியம் பொடியைப் புழுவின் மீது தூவிய பின்னரே பல்லிக்கு அளிக்க வேண்டும். கால்சியம், டி3 வைட்டமின், புற ஊதாக் கதிர் ஆகியவை போதிய அளவில் கிடைக்காத பல்லிகளுக்கு எலும்புகள் மென்மையாகி, தாடையும் கால்களும் வளைந்துவிடும். முற்றிய நிலையில் இப்பாதிப்பைச் சரிசெய்வது கடினம்.

எந்தப் பல்லிக்கு ஏற்றது?

'லெப்பர்ட் கெக்கோ' எனப்படும் சிறுத்தைப் பல்லி பூச்சிகளை மட்டுமே உண்ணும். 'பியர்டட் டிராகன்' எனப்படும் தாடி ஓணான், பூச்சி, தாவரம் இரண்டையும் உண்ணும். இவை இரண்டிற்கும் பட்டுப்புழு ஏற்ற உணவாகும். ஆனால், இந்திய வளர்ப்புச் சந்தையில் பரவலாகக் காணப்படும் பச்சை இகுவானா இலைகளை உண்ணும் உயிரினம். அதற்குப் புழு அளிக்கக் கூடாது. மல்பெரி இலையை அளிக்கலாம். பல்லியின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைவிடப் பெரிய இரையைத் தரக் கூடாது என்பது வளர்ப்போர் பின்பற்றும் பொது விதியாகும்.

28 நாள் கணக்கு

முட்டைகள் ஏறத்தாழ 10 நாட்களில் பொரிகின்றன. வெளிவரும் புழு சுமார் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, 24 முதல் 28 நாட்களில் முழு வளர்ச்சி அடைகிறது. அதற்குள் அதன் எடை ஏறத்தாழ 10,000 மடங்காகப் பெருகுகிறது.

ஒரு புழு தன் வாழ்நாளில் 20 முதல் 25 கிராம் வரை இலை உண்கிறது. இதில் 80 சதவீதத்திற்கும் அதிகமான பகுதியைக் கடைசிப் பருவத்தில், சுமார் ஒரு வார காலத்தில் உண்டுவிடுகிறது. வீட்டில் வளர்ப்போர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 50 புழுக்களை வளர்த்தால் முதல் இரண்டு வாரங்களுக்குச் சில கைப்பிடி இலைகளே போதும். ஆனால், கடைசி வாரத்தில் நாளொன்றுக்கு 120 கிராமுக்கும் மேல் இலை தேவைப்படும். பால்கனித் தொட்டியில் வளரும் ஒற்றைச் செடியால் இத்தேவையை நிறைவு செய்ய இயலாது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. முட்டைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் பொரிக்க விடாமல் சிறு தொகுதிகளாகப் பிரித்து வளர்க்கலாம். மேலும், புழுக்களை மூன்றாம், நான்காம் பருவங்களிலேயே பல்லிக்கு அளித்துவிட்டால், இலைத் தேவை பெருமளவு குறையும். மல்பெரி இலைத் தூள் கலந்த செயற்கை உணவும் உண்டு. ஜப்பானில் இது 1960-களில் உருவாக்கப்பட்டது. ஆயினும், இலை உண்டு பழகிய புழுக்கள் அதனை எளிதில் ஏற்பதில்லை. எனவே, செயற்கை உணவு அளிப்பதாயின் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

நகரில் காத்திருக்கும் இடர்கள்

காட்கோபர் மேற்கில் எல்.பி.எஸ். மார்க் போன்ற நெரிசல் மிகுந்த சாலைகளின் ஓரத்தில் நிற்கும் மரங்களின் இலைகளில் தூசியும் புகையும் படிந்திருக்கும். அவற்றைப் பறிப்பதைத் தவிர்ப்பது நல்லது. அதைவிடப் பெரிய இடர் பூச்சிக்கொல்லி ஆகும். கொசு ஒழிப்புக்காக அடிக்கப்படும் புகைமருந்தும், குடியிருப்புச் சங்கங்கள் மேற்கொள்ளும் கரப்பான் ஒழிப்பு மருந்துத் தெளிப்பும் பட்டுப்புழுக்களை ஒரே நாளில் அழிக்கக்கூடியவை. மருந்து பட்ட இலையை உண்ட புழு, அதனை விழுங்கும் பல்லிக்கும் ஆபத்தாகும்.

இளம்புழுக்களுக்கு 85 சதவீத அளவிலான ஈரப்பதமும், வளர்ந்த புழுக்களுக்கு 70 சதவீத அளவிலான ஈரப்பதமும் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் உகந்தவை. மும்பையின் மழைக்காலக் காற்றில் ஈரம் இதைவிட மிகுதி. ஈர இலையும் காற்றோட்டமின்மையும் சேரும்போது பால்புழு நோயும் சுண்ணாம்புக்கட்டி நோயும் பரவுகின்றன. எனவே, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றவை. இலையைத் துடைத்து உலர்த்தி அளிப்பதும், எச்சத்தை நாள்தோறும் அகற்றுவதும், எறும்பு ஏறாதிருக்கத் தட்டின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவதும் அவசியமாகும். இறந்த அல்லது நிறம் மாறிய புழுவைப் பல்லிக்கு அளிக்கக் கூடாது.

முட்டை எங்கிருந்து வருகிறது?

மகாராஷ்டிரத்தில் மராத்வாடா பகுதி விவசாயிகள் பட்டு வளர்ப்பில் ஈடுபட்டு வருகின்றனர். ஜால்னாவில் 2018-ஆம் ஆண்டு முதல் பட்டுக்கூடு அங்காடி இயங்குகிறது. தமிழகத்தில் தருமபுரி, ஓசூர் பகுதிகள் பட்டு வளர்ப்புக்குப் பெயர் பெற்றவை. விற்பனைக்கான பட்டுப்புழு முட்டை உற்பத்தியை மத்திய பட்டு வாரியச் சட்டத்தின் கீழான விதிகள் முறைப்படுத்துகின்றன. பெப்ரின் என்னும் நோய் தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் பரவுவதே இதற்கு முக்கியக் காரணம். எனவே, பரிசோதிக்கப்பட்ட முட்டைகளைப் பெறுவதே பாதுகாப்பானது.

வீட்டில் தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் வாரக்கணக்கில் பொரியாமல் கிடப்பதும் உண்டு. இருபருவ இனங்களின் முட்டைகள் இயல்பாகவே உறக்க நிலைக்குச் செல்பவை. மாதக்கணக்கில் குளிரில் வைத்த பின்னரோ, உற்பத்தி நிலையங்களில் அமில முறைக்கு உட்படுத்திய பின்னரோதான் அவை பொரிக்கும். அமில முறையை வீட்டில் முயல்வது ஆபத்தானது.

பல்லிக்கும் பதிவு தேவை

புழு வளர்ப்பைத் தொடங்கும் முன், பல்லியை வைத்திருப்பது சட்டப்படி சரிதானா என்பதை உறுதி செய்ய வேண்டும். உடும்பு உள்ளிட்ட, இந்தியச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனங்களை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தின்படி, பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கீழ் வரும் அயல்நாட்டு உயிரினங்கள் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பச்சை இகுவானாவும் இதில் அடங்கும். இவற்றை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகள் கூறுகின்றன.

கடத்தி வரப்படும் உயிரினங்கள் படும் துன்பத்திற்கு மும்பையே சான்று. 2022 அக்டோபரில் மும்பை விமான சரக்கு முனையத்தில், அலங்கார மீன்கள் என்ற பெயரில் வந்த சரக்கிலிருந்து பல்லிகள், ஆமைகள், பாம்புகள் உள்ளிட்ட 665 உயிரினங்களை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் பறிமுதல் செய்தது. அவற்றில் 117 உயிரினங்கள் இறந்திருந்தன. எனவே, பல்லியை வாங்கும்போது அதன் மூலத்தைக் காட்டும் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது அவசியம்.

ஊர்வன உயிரினங்கள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை என்பதால், பல்லியையோ அதன் கூண்டையோ தொட்ட பின்னர் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் இது மேலும் முக்கியமாகும்.