பிரஷர் மாத்திரை மட்டும் போதுமா? பரம்பரையா வரும் கொழுப்பையும் பாருங்க!

ஆரணி பட்டு நெசவில் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டைதான் உயிர். அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்தால் போதும். அந்த தப்பு சேலை முழுக்க திரும்ப திரும்ப வரும். நெசவு செய்பவர் மேல் குற்றம் இல்லை. அட்டையே அப்படி.

மனித உடம்பிலும் இப்படி ஒரு அட்டை உண்டு. அதுதான் மரபணு. ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு தங்க வேண்டும் என்பதை சாப்பாடு மட்டும் முடிவு செய்வதில்லை. மரபணுவும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

"எண்ணெய் பலகாரமே தொடறதில்ல, உடம்பும் ஒல்லி. எனக்கு எப்படி கொழுப்பு வரும்?" என்று பலர் கேட்பது இதனால்தான்.

கெட்ட கொழுப்பு

எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பை ரத்தத்தில் இருந்து பிடித்து இழுப்பது கல்லீரல். அந்த பிடிமானத்துக்கான மரபணு பழுதானால் கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றும். இதை கண்டுபிடித்த அமெரிக்க டாக்டர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உலகில் சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்த பரம்பரை கோளாறு இருக்கிறது.

பிரஷர் இருந்தால்...

பிரஷர் அதிகமானால் ரத்தக்குழாயின் உள்சுவர் புண்ணாகும். அந்த இடத்தில் கொழுப்பு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பிரஷர், கொழுப்பு இரண்டும் சேர்ந்தால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து பல மடங்கு கூடும்.

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசிய விவரம் 2007-ல் வெளியானது. மற்ற நாட்டினருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதை ஒட்டி வருகிறது. நம்மவர்களுக்கு 53 வயதிலேயே வந்து விடுகிறது. குடும்பத்துக்கு சம்பாதிக்கிற வயது அது.

பிரஷர் பார்க்கும் மெஷின் கொழுப்பை காட்டாது. அதற்கு தனியாக ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கொழுப்பு ஏறினால் வலி, தலைசுற்றல் எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல்.

சொந்தத்தில் கல்யாணம்

தாய், தகப்பனில் ஒருவருக்கு இந்த கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்கு பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால் 4-ல் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரட்டை பழுது வரும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடித்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 28 சதவீத திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை.

யார் உஷாராக வேண்டும்?

எல்.டி.எல். அளவு 190 மில்லி கிராமுக்கு மேல் இருப்பவர்கள். அப்பா அல்லது அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா அல்லது அக்கா, தங்கைக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முழங்கை, முழங்கால், குதிகால் நரம்பில் மஞ்சள் நிற கட்டிகள் தெரிந்தாலும் அலட்சியம் கூடாது. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

மருந்து இருக்கு

பரம்பரை என்றால் தலையெழுத்து என்று அர்த்தம் இல்லை. ஜப்பான் விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-ல் பூஞ்சணத்தில் இருந்து கண்டெடுத்த பொருள்தான் 'ஸ்டேட்டின்' மாத்திரைகளுக்கு ஆரம்பம். இந்த மாத்திரை கல்லீரலை அதிக கொழுப்பை இழுக்க வைக்கிறது.

டெஸ்டில் அளவு இறங்கியதும் "சரியாப் போச்சு" என்று மாத்திரையை நிறுத்தினால் கொழுப்பு மறுபடி ஏறும். அட்டை மாறவில்லையே! கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்கு தயாராகும் பெண்களும் டாக்டரை கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பீடி, சிகரெட்டை விடுவது, உப்பை குறைப்பது, தறியை விட்டு எழுந்து தினமும் அரை மணி நேரம் நடப்பது ஆகியவை மாத்திரையோடு சேர்ந்து கை கொடுக்கும். அடுத்த தடவை பிரஷர் பார்க்க போகும்போது, "கொழுப்பும் பார்க்கணும் டாக்டர்" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.