பட்டியலில் பெயர், பட்டாவில் நிலம்: கொல்லிமலையில் அரசு வீட்டுக்கான பணம் வரும் வழி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியமாகவும், வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பழைய நாட்டுப் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் 14 கிராம ஊராட்சிகளாகவும் நிர்வகிக்கப்படுகிறது. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்ற மலையாளி மக்களாவர். இம்மலையில் ஏழைக் குடும்பம் ஒன்று அரசு உதவியுடன் வீடு கட்டும்போது, அதற்கான பணம் ஊராட்சியின் கருவூலத்திலிருந்து வருவதில்லை என்பதையும், ஆயினும் அப்பணம் யாருக்குச் சேரும் என்பதை முடிவுசெய்யும் இடங்களுள் முதன்மையானது ஊராட்சியே என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

கிராம ஊராட்சியின் சொந்த வருவாய் வீட்டுவரி, தொழில்வரி போன்ற சிறு இனங்களைச் சார்ந்தது; கூரை வீடுகளும் சிறு விவசாயமும் நிறைந்த மலையூரில் அது சொற்பமாகவே இருக்கும். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியமும், மாநில நிதிக்குழு மானியமும் இதற்கு மேல் வருகின்றன எனினும், 15ஆவது நிதிக்குழு தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டுப்படுத்தியது. எஞ்சியதில் தெருவிளக்கு, சாலை போன்ற தேவைகளைக் கவனித்தபின் வீடுகளுக்கென மிஞ்சுவது அரிது.

ஆகவே வீட்டுக்கான பணம் திட்டங்கள் வழியே வருகிறது. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிக்கு ரூ.1.20 லட்சமும், மலை மாநிலங்களுக்கும் மாநில அரசு 'கடினப் பகுதி' என வகைப்படுத்தும் இடங்களுக்கும் ரூ.1.30 லட்சமும் அடிப்படை உதவித்தொகையாகும். இதனை ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. கான்கிரீட் கூரைக்கென மாநில அரசு தனியே கூடுதல் தொகை தருகிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு ரூ.12,000-உம் இதனுடன் இணைகின்றன. 2024-25இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் முழுவதும் மாநிலத் திட்டம். குடிசையில் வாழ்வோர் 360 சதுர அடியில் வீடு கட்ட ரூ.3.50 லட்சம் வழங்குவது அதன் ஏற்பாடு. 2023இல் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டம் மிகவும் நலிந்த நிலையிலுள்ள பழங்குடிகளுக்கு மட்டுமே உரியது; தோடர், இருளர் உள்ளிட்ட ஆறு சமூகங்கள் தமிழ்நாட்டில் அவ்வகையைச் சேர்ந்தவை, மலையாளிகள் அவற்றுள் இல்லை. ஆதலால் அத்திட்டத்தின் பெயரைச் சொல்லி இம்மலையில் எவரேனும் முன்பணம் கேட்டால் அது ஏமாற்று என்று உடனே கொள்ளலாம்.

உரிமை தவறிப்போகும் இடங்களுள் முதலாவது பட்டியல். பயனாளிகளின் காத்திருப்புப் பட்டியல் கிராம சபையின் முன் வைக்கப்பட்டு, தகுதியற்றவர் நீக்கப்படவும் விடுபட்டவர் முறையிடவும் வேண்டும் என்பது விதி. குடியரசு நாள், மே தினம் உள்ளிட்ட ஆறு நாள்களில் ஆண்டுதோறும் கூடும் இச்சபையில், ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்வதும், விடுபட்ட பெயரைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வதும் அவர்களது உரிமையே அன்றிச் சலுகை அன்று. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபையின் இந்த உரிமை குறையவில்லை. கேள்வி கேட்க ஊரில் ஒரு தலைவர் இல்லாத காலத்தில்தான் அதன் தேவை மிகுகிறது.

இரண்டாவது இடம் நிலம். பட்டா இல்லாமல் வீட்டு ஆணை கிடைப்பது கடினம். பல தலைமுறைகளாகக் குடியிருந்தும் நிலம் வனக் கணக்கில் இருக்கும் குடும்பங்கள் இங்கேயே தடைப்பட்டு நிற்கின்றன. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள வன நிலத்தில் குடியிருக்கவும் பயிரிடவும் பழங்குடியினருக்கு உரிமை அளிக்கிறது. அதற்கான மனுவைப் பெறும் முதல் அமைப்பும் கிராம சபையே.

பணம் மொத்தமாக வராமல், அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை எனக் கட்டுமானம் உயர உயரப் பயனாளியின் வங்கிக் கணக்கில் தவணைகளாக வரவு வைக்கப்படுகிறது. மணலும் ஜல்லியும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய மலையில் வண்டி வாடகையே பெருஞ்செலவு என்பதால், முதல் தவணைக்கு முன்பே வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை ஏற்படுகிறது. மலைக்கெனக் கூடுதல் தொகை உண்டா என்பதைப் பணி ஆணை பெறும்போதே எழுத்தில் கேட்டறிவது நல்லது. ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அரைகுறைச் சுவர்களுடன் நிற்பது இன்னும் கொடிய இழப்பாகும். ஒன்றிய அரசின் வீட்டுத் திட்ட விதிகள் ஒப்பந்ததாரரை ஈடுபடுத்துவதையே தடுக்கின்றன.

கேரளத்தின் லைஃப் வீட்டுத் திட்டம் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அங்கு உள்ளாட்சிகள் தம் திட்ட நிதியில் 20 விழுக்காட்டை வீடுகளுக்கென ஒதுக்குவதும், ஹட்கோ நிறுவனத்தில் கடன் பெறுவதும் ஏற்பாடு; பொதுவாக ரூ.4 லட்சமாக உள்ள உதவி, பழங்குடிக் குடியிருப்புகளில் ரூ.6 லட்சமாக உயர்கிறது. தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் விலை உண்டு என்பதை ஏற்கும் இம்முறையே நேர்மையானது. கொல்லிமலையின் ஊராட்சிகளுக்கும் அத்தகைய நிதி அதிகாரம் தரப்பட வேண்டும்.

தங்குமிடம் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் சமேலி சிங் வழக்கில் கூறியுள்ளது. மனு தேங்கினால் ரூ.10 கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் நிலையைக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமில்லை. திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும், முதல்வரின் உதவி எண் 1100-இலும் முறையிடலாம். தவணையை விடுவிக்கக் கையூட்டுக் கேட்கப்பட்டால், கொடுக்கும் முன்பே ஊழல் தடுப்புத் துறையை அணுகுவது பாதுகாப்பானது. கட்டாயத்தால் கொடுத்துவிட்டவரும் ஏழு நாள்களுக்குள் தெரிவித்தால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அவரைத் தண்டனையிலிருந்து காக்கிறது. வழக்குத் தொடுக்க நேர்ந்தால், பழங்குடியினர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு அளித்தால் வழக்கறிஞர் அமர்த்தப்படுவார், 15100 என்ற எண்ணிலும் வழிகாட்டுதல் கிடைக்கும்.