கம்பி வாங்கும் முன் கல்லைத் தேடுவோம்



கடலை பிடுங்கியாச்சு, சோளத்தட்டும் போர் போட்டாச்சு. காடு காலியாகக் கிடக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில்தான் நமக்கு வேலி ஞாபகம் வரும். "இந்த வருஷமாவது வேலியைச் சுத்தம் பண்ணிக் கட்டிடணும், ஆடு உள்ளே பூந்து ஒண்ணும் மிஞ்ச மாட்டேங்குது" என்று சொல்லிக் குழுவில் கடன் கேட்போம். உடனே கம்பி எவ்வளவு, கல்லுக்கால் எவ்வளவு, ஆள்கூலி எவ்வளவு என்று கணக்குப் போடுவோம்.

ஆனால் வேலி வேலையில் பாதி, கம்பி வாங்குவதற்கு முன்னாலேயே இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பணமும் போகும், பக்கத்துக் காட்டு உறவும் போகும். எங்கள் குழுவிலேயே அப்படி நடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் குழுவில் நடந்தது

எங்கள் உறுப்பினர்கள் இருவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் நிலம். நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. மூத்தவர் குழுவில் கடன் வாங்கி, பொக்லைன் வைத்து அரை நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினார். அடுத்த வாரமே கல்லுக்கால் நட்டுக் கம்பியும் இழுத்தாச்சு.

இளையவர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க என் பக்கம் ரெண்டு அடி வந்துட்டீங்க" என்றார். "எங்க மாமனார் காலத்துல இருந்து இதுதான் எல்லை" என்றார் மூத்தவர். சரி, எல்லைக்கல்லைப் பார்க்கலாம் என்று போனால் கல்லைக் காணோம். பொக்லைன் அதையும் சேர்த்துத் தோண்டிக் குப்பையோடு தள்ளியிருந்தது. ஒருவருக்குக் கொழுந்தனார் சாட்சி, இன்னொருவருக்கு அப்பா சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான்.

நாலு மாதம் இளையவர் கூட்டத்துக்கே வரவில்லை. சேமிப்பு நின்றது. வந்தவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தோம். கடைசியில் பணம் கட்டி சர்வேயரை வரவழைத்து அளந்தோம். வடக்கு முனையில் வேலி ஒன்றரை அடி இளையவர் நிலத்துக்குள் போயிருந்தது. தெற்கு முனையிலோ மூத்தவர் தன் நிலத்திலேயே அரை அடியை விட்டுவிட்டு நட்டிருந்தார். ஆக, இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை!

கால்களைப் பிடுங்கி மறுபடி நட்ட கூலி, அளக்கக் கட்டிய பணத்தைப் போலப் பல மடங்கு. இதில் எங்கள் தவறும் உண்டு. கடன் கொடுத்தபோது "அளந்தாச்சா?" என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதல் வேலை: எல்லை

வேலி போடும் முன் பட்டாவையும் புலப்படத்தையும் கையில் எடுங்கள். புலப்படத்தை எஃப்.எம்.பி. என்றும் சொல்வார்கள். அதில் நிலத்தின் பக்க அளவுகளும், எங்கெங்கே கல் இருக்க வேண்டும் என்பதும் இருக்கும். இரண்டையும் இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். இ-சேவை மையத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடன் நம் பெயரில், நிலம் வேறு ஒருவர் பெயரில் என்றால் வீட்டில் முதலில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. கூட்டுப் பட்டாவாக இருந்தால், நம் பங்கின் எல்லை படத்தில் இருக்காது. உட்பிரிவு செய்த பிறகுதான் அது வரும்.

பிறகு கல்லைத் தேடுங்கள். புதருக்குள் புதைந்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் கையால் வெட்டிச் சுத்தம் செய்து, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் ஒரு நீளக் குச்சியும் ஊன்றி வையுங்கள். மெஷின் ஓட்டுபவருக்கு அது தூரத்திலேயே தெரியணும். கல் இல்லை என்றால் அளவைக்கு மனுச் செய்யுங்கள். அளவைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் சட்டப்படி குற்றம். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்தாரும் கூடவே நிற்க வேண்டும். அவர் இல்லாமல் அளந்தால் சண்டை தீராது, தள்ளித்தான் போகும்.

வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை இவற்றை அடைத்து வேலி போடக் கூடாது. காலங்காலமாக ஊர் நடக்கும் தடம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு படல் வைத்துவிடுங்கள்.

வெட்டும் முன் ஒரு நடை

அருவாளை எடுக்கும் முன் வேலி ஓரமாக ஒரு தடவை நடந்து பாருங்கள். பழைய வேலி என்பது வெறும் முள் இல்லை. பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான், கோவை, வேலிப்பருத்தி, ஆடாதொடை, நொச்சி என்று பாதி மருந்துக்கடை அங்கேதான் இருக்கிறது. வேண்டியதற்கு ஒரு துணிக் கிழிசலைக் கட்டி அடையாளம் வையுங்கள். வேம்பு, கொடுக்காப்புளி நின்றால் விட்டுவிடுங்கள். அதுவே உயிருள்ள கால். பனையைத் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது.

வேலிப் புதரில் விரியன் பாம்பு படுத்திருக்கும். கையை விடும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள். செருப்பில்லாமல் இறங்க வேண்டாம். குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள். கருவேல் முள் குத்தி முனை உள்ளே ஒடிந்தால் வீங்கிச் சீழ் பிடிக்கும். "சும்மா முள்ளுதானே" என்று விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துவிட்டு, தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சீமைக்கருவேலை வெட்டினால் போதாது

இந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870-களில் நம் நாட்டுக்கு வந்தது. தரையோடு வெட்டினால் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் துளிர்க்கும். ஏனென்றால் துளிர்விடும் கண்கள் மண்ணுக்குள் இருக்கும் தூர்ப்பகுதியில் இருக்கின்றன. அதனால் தரைக்குக் கீழே ஒரு அடியாவது தோண்டித் தூரை முழுசாக எடுக்க வேண்டும். கீழே போகும் ஆணிவேர் மிஞ்சினால் பயமில்லை.

காய் பழுத்து உதிரும் முன் வேலையை முடியுங்கள். ஆடு மாடு அந்தக் காயை விரும்பித் தின்னும். கொட்டை செரிக்காமல் சாணியோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். முதல் மழைக்குப் பிறகு வரும் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடலாம். விட்டால் அடுத்த வருடம் கடப்பாரை வேண்டும். இரண்டு மூன்று வருடம் இப்படிக் கண்காணித்தால்தான் வேலி ஓரம் நம் கைக்கு வரும்.

வெட்டிய விறகைக் கரிமூட்டம் போடுபவர்களிடம் எடைக்கு விற்றால் கூலியில் ஒரு பங்கு திரும்பும். நல்ல முள்ளை ஒதுக்கி வையுங்கள், பின்னால் தேவைப்படும். வேலி ஓரத்திலேயே தீ வைக்க வேண்டாம். கோடைக் காற்றில் அது பக்கத்து வைக்கோல் போருக்குப் போய்விடும்.

கால் எத்தனை, கம்பி எத்தனை?

ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 209 அடி. சுற்றளவு சுமார் 835 அடி. பத்து அடிக்கு ஒரு கால் என்றால் 84 கால். ஐந்து வரிசைக் கம்பிக்கு 4,175 அடி. சுற்றிக் கட்டவும் சேதாரத்துக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாக இருந்தால் சுற்றளவு 1,071 அடி ஆகிவிடும்; 107 கால் வேண்டும். அதனால் "ஏக்கருக்கு இவ்வளவு" என்று யாராவது சொன்னால் நம்பாமல், உங்கள் நிலத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். கடையில் கிலோ கணக்கில்தான் கம்பி தருவார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை அடி வரும் என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து நிலத்தாரோடு சேர்ந்து கட்டினால் லாபம். சதுரமான இரண்டு ஏக்கரைத் தனித்தனியாக அடைத்தால் 1,670 அடி. நடு வேலி ஒன்றைப் பொதுவாக வைத்தால் 1,461 அடிதான். ஆளுக்குப் பத்துக் கால் மிச்சம்.

ஏழடிக் கல்லுக்கால் என்றால் இரண்டு அடி மண்ணுக்குள் போக வேண்டும். முதலில் மூலைக் கால்களை நட்டு, இடையில் கயிறு பிடித்து மற்றதை நடுங்கள். கம்பியை இழுக்கும்போது முழுப் பாரமும் மூலைக் காலில்தான் விழும். அதற்கு இரண்டு பக்கமும் சாய்வுக்கால் கொடுக்காவிட்டால் ஒரே மழையில் சாய்ந்துவிடும். கீழ் வரிசைக் கம்பிகளை நெருக்கமாகவும் மேல் வரிசைகளை இடைவெளி விட்டும் கட்டுங்கள். முதல் கம்பி தரையிலிருந்து அரை அடிக்குள் இருக்கட்டும்.

கம்பிக்கு உள்ளே உயிர்வேலி

முள்கம்பி மட்டும் மாட்டை நிறுத்தும். குட்டி ஆட்டை நிறுத்தாது. அதற்குக் கிளுவைதான் சரி. காங்கேயம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இன்றும் கிளுவை வேலிதான் நிற்கிறது. கட்டைவிரல் தடிமனில், மூன்று நான்கு அடி நீளப் போத்துகளை வெட்டி, மழை வரும் முன் இரண்டு வரிசையாக, மாற்றி மாற்றி நெருக்கி நடுங்கள். ஒரு அடி மண்ணுக்குள் இருக்கட்டும். கிளுவைத் தழையை ஆடு தின்னும் என்பதால் முதல் வருடம் காவல் வேண்டும். ஒதுக்கி வைத்தோமே, அந்தக் கருவேல் முள்ளை வெளிப்பக்கம் அடைப்பது இதற்குத்தான். இரண்டு மூன்று வருடத்தில் அடைந்து நிற்கும். சந்து தெரியும் இடத்தில் கிளையை வளைத்துக் கட்டுங்கள். வருடம் ஒருமுறை தலை வெட்டுங்கள். கையில் காசு இல்லாதவர்கள் கம்பி இல்லாமலே முள் அடைப்பும் கிளுவையும் வைத்துத் தொடங்கலாம்.

கரண்ட் கம்பி வேண்டவே வேண்டாம்

பன்றிக்கு என்று சொல்லி மோட்டார் ரூமிலிருந்து கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது உயிரைக் குடிக்கும் வேலை. இருட்டில் ஆடு தேடி வருபவரும், தண்ணீர் திருப்பப் போகும் நம் வீட்டு ஆளும் அந்தக் கம்பியைத்தான் தொடுவார்கள். உயிர் போனால் சிறைக்குப் போகும் வழக்கு. சூரிய மின்வேலி வேறு. அதில் விட்டுவிட்டு வரும் சிறு அதிர்ச்சி விரட்டும், கொல்லாது. ஆனால் தரமான கருவி, முறையான அமைப்பு வேண்டும். மின்வேலிகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 2023-இல் விதிகள் வந்திருக்கின்றன. காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள் வனத்துறையிடமும், மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வேலிக்குக் கடன் கேட்டால் குழு கேட்க வேண்டியது

1. பட்டா யார் பெயரில் இருக்கிறது?
2. எல்லைக்கல் தெரிகிறதா? இல்லை என்றால் அளந்தாச்சா?
3. பக்கத்து நிலத்தாரிடம் பேசியாச்சா? செலவில் அவர் பங்கு உண்டா?
4. சுற்றளவு எத்தனை அடி? கால், கம்பி, கூலி, மெஷின் வாடகை கணக்கு எங்கே?
5. முளைத்து வரும் கருவேலை அடுத்த இரண்டு வருடம் யார் பிடுங்குவார்கள்?

எங்கள் குழுவில் இப்போது இந்த ஐந்துக்கும் பதில் சொன்ன பிறகுதான் வேலிக்கடன். அந்த இருவரும் பழையபடி கூட்டத்துக்கு வருகிறார்கள். நடு வேலிச் செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டார்கள். வேலியின் நடுவில் ஒரு படலும் வைத்திருக்கிறார்கள், ஒருவர் காட்டுக்கு இன்னொருவர் களையெடுக்கப் போய்வர.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிப் பேசுங்கள், சகோதரிகளே.