பரணில் கிடக்கும் போர்க் கடிதங்கள்

1973 ஜூலை 12. நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓவர்லேண்டில், படைவீரர்களின் பணிக் கோப்புகளை வைத்திருந்த அரசுக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அந்த மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான் கிடையாது. தீ முழுதாக அணைய நான்கு நாட்களுக்கு மேலாயிற்று. அதற்குள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் 1 கோடியே 80 லட்சத்துக்கும் இடைப்பட்ட கோப்புகள் அழிந்துவிட்டன. 1912 நவம்பரிலிருந்து 1960 ஜனவரி வரை தரைப்படைப் பணியை முடித்தவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு போயிற்று. அவற்றுக்கு நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. எது எரிந்தது, எது தப்பியது என்று பார்க்க ஒரு முழுப் பட்டியல்கூட இல்லை.

பழைய காகிதம்தானே என்று விட முடியாது. முன்னாள் வீரருக்கான உதவித்தொகை, மருத்துவம், வீட்டுக்கடன், ராணுவ மரியாதையுடன் அடக்கம் என எதைக் கேட்டாலும் பணிச் சான்று வேண்டும். பணி விடுவிப்புச் சான்றிதழை வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர் தப்பித்தார். மற்றவர்களுக்குச் சம்பளப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள் என்று தேடித்தேடிப் பணி வரலாற்றை ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

தண்ணீரில் ஊறியும் ஓரம் கருகியும் மீண்டவை சுமார் 65 லட்சம். ஒரு கோப்பை யாரேனும் கேட்கும்போது, ஊழியர்கள் கையுறை அணிந்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பூஞ்சையை நீக்குகிறார்கள். வெறும் கண்ணுக்குக் கரியாகத் தெரியும் தாளை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் சில நேரம் எழுத்து தெரிகிறது. ஒரு பெயர், ஒரு தேதி. ஒரு குடும்பத்துக்கு அதுவே போதும்.

எரியாத கோப்பிலும் பதவி, படைப்பிரிவு, காயம், தேதி ஆகியவைதான் இருக்கும். அந்த மனிதர் எதற்குப் பயந்தார், யாரை நினைத்து ஏங்கினார் என்பதெல்லாம் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில்தான் உண்டு. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மகனை இழந்த தாய்மார்கள் உதவித்தொகைக்கு மனுப்போட்டபோது, அவன் வருமானத்தில்தான் பிழைத்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வேறு சான்று இல்லாதவர்கள் அவன் எழுதிய கடிதங்களையே மனுவோடு இணைத்தார்கள். அவற்றுள் பல இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மகனின் கையெழுத்தைக் கொடுத்து வயிற்றுப்பாட்டைத் தேடிய அந்தத் தாய்மார்களை நினைத்தால் மனம் கனக்கிறது. வரலாற்றுக்கு அவர்கள் தந்தது பெரிய கொடை.

அப்படித் தற்செயலாகத் தங்கியதைத் திட்டமிட்டுச் சேர்க்க, 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, காங்கிரஸ் நூலகத்தில் முன்னாள் வீரர் வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தொகுப்புகள் உள்ளன. வீரர் தரும் பேட்டி குறைந்தது 30 நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 10 அசல் படங்களோ கடிதங்களோ, 20 பக்க நாட்குறிப்போ நினைவுக்குறிப்போ தரலாம். தளபதிக்கும் சமையல்காரருக்கும் ஒரே விதி. பேட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்; பேரப்பிள்ளையே எடுக்கலாம். இத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வரலாற்றாசிரியரிடம் சொல்லாததைப் பேத்தியிடம் தாத்தா சொல்லக்கூடும்.

இதே பணியைத் தனியாளாகத் தொடங்கியவர் ஆண்ட்ரூ கரோல். மாணவராக இருந்தபோது வீடு தீப்பிடித்துக் கடிதங்களை இழந்தவர். 1998இல் ஒரு பத்திரிகைப் பத்தி வழியே போர்க் கடிதங்களைக் கேட்டார். நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தன. அந்தச் சேகரிப்பு இப்போது கலிபோர்னியாவின் சாப்மன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

வீட்டில் கடிதம் வைத்திருப்போருக்கு ஆவணக் காப்பாளர்கள் சொல்வது எளிது: துருப்பிடிக்கும் கிளிப்பை எடுங்கள், லேமினேட் செய்யாதீர்கள், வெயிலும் ஈரமும் ஏறும் பரணில் போடாதீர்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போனவர்களின் வீடுகளில் கடிதக் கட்டே இல்லாமலிருக்கலாம். அவர்கள் பெரும்பாலும் எழுதியது மின்னஞ்சலில். கடவுச்சொல் தெரியாவிட்டால் குடும்பத்துக்குக்கூட அதைத் திறப்பது கடினம். போரிலிருந்து திரும்பி வராதவர்களுக்காக, முன்னாள் வீரர் வரலாற்றுத் திட்டத்தின் சட்டம் 2016இல் விரிவாக்கப்பட்டு, அவர்களுடைய பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோரும் தங்கள் நினைவைப் பதிவுசெய்ய வழி கிடைத்திருக்கிறது.