ஆர்வம் ஊதியமாகுமா?

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே உள்ளம் இலேசாகின்றது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மழை நாட்களில் கரம் பலகையைச் சுற்றிச் சிறுவரும் பெரியோரும் கூடுவதை நேயர்கள் அறிவர். சிவராத்திரியன்று கண்விழிப்பதற்குத் தாயம் உருட்டும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. ஆயின், ஆடுவோருக்கு விளையாட்டாய் இருப்பது அதனை ஆக்குவோருக்குத் தொழிலாகும்.

மேலை நாடுகளில் மேசை விளையாட்டு ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் கதையாட்டமும், 1995 இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘கட்டான்’ என்னும் பலகையாட்டமும் உலகெங்கும் பரவின. இத்தகைய ஆட்டமொன்றின் பின்னே விதிகளை எழுதுவோர், படம் வரைவோர், பிழை திருத்துவோர், பண்டகசாலையில் பொதி கட்டுவோர், வாடிக்கையாளரின் முறைப்பாடுகளுக்கு விடை எழுதுவோர் எனப் பலர் உழைக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலார் இளமையில் அவ்விளையாட்டிற் கொண்ட பற்றினாலேயே அத்தொழிலுக்கு வந்தவர்கள்.

அந்தப் பற்றே அவர்களுக்கு விலங்காகவும் அமைவதுண்டு. ‘பாத்ஃபைண்டர்’ என்னும் ஆட்டத்தை வெளியிடும் பைசோ நிறுவனம் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் உள்ளது. 2021 செப்டெம்பரில் அந்நிறுவனத்தின் நிருவாகத்தைப் பற்றி முன்னாள் ஊழியர் சிலர் பகிரங்கமாகக் குறை கூறினர். அடுத்த மாதம் 14 ஆந் திகதி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்திருப்பதாக அறிவித்தனர். உழைப்புக்கு ஏற்ற ஊதியம் இல்லை என்பதும், வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரில் வாழவேண்டியுள்ளது என்பதும், தாங்கவியலாத வேலை நெருக்கடி அடிக்கடி ஏற்படுகின்றது என்பதும் அவர்கள் கூறிய குறைகள். நிறுவனத்துக்கு வெளியே இருந்து எழுதிக் கொடுத்த ஏறக்குறைய 40 எழுத்தாளர்கள், ஊழியரை ஆதரித்துத் தம் வேலையை நிறுத்தினர். ஒரு வாரத்துள், அதே மாதம் 21 ஆந் திகதி, நிருவாகம் சங்கத்தைத் தானாகவே அங்கீகரித்தது.

இத்தகைய நிலை ஏன் உண்டாகின்றது? நல்ல விளையாட்டை அமைக்கத் தெரிந்தவர் மனிதரை நடத்தவும் தெரிந்தவராய் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. நண்பர் சிலர் கூடித் தொடங்கிய தொழிலில் எழுதப்பட்ட ஒழுங்குகள் இருப்பதில்லை. வேலையாட்களின் தொகையை எண்ணிப் பாராமல் வெளியீட்டு நாளைக் குறித்துவிடுவர். குறித்த நாள் நெருங்கும்போது ஊழியரின் உறக்கமே குறைக்கப்படும். குறை கூற வருபவர், தாம் எவர்மீது குறை கூறுகின்றாரோ அவரிடமே போய் நிற்க நேரிடும். அப்போது வரும் விடை ஒன்றுதான்: ‘உமக்குப் பிடித்த வேலைதானே!’

இந்த விடை கொழும்புக்கும் அந்நியமானதன்று. இங்கு அதன் வடிவம் வேறு. ‘நீ எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று கூறி, ஊரிலிருந்து வந்த இளைஞனைக் காலை முதல் இரவுவரை கடையில் நிற்க வைக்கும் முதலாளிமார் உளர். அன்பு உண்மையாயும் இருக்கலாம். ஆனால் அன்பு கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை.

கணக்கில் எழுதப்படவேண்டியதைச் சட்டம் சொல்கின்றது. வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் 1933 இல் வேலைநிறுத்தம் செய்தபோது, சிங்களவர், மலையாளிகள் என்ற பிளவு அவர்களுடைய போராட்டத்தை நலிவித்தது. தொழிற்சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1935 இல்தான் வந்தது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியமும், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் விதித்தது. வேலைக்கு அமர்த்தும்போதே நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும். காலி வீதியிலுள்ள புடைவைக் கடைக்கும் கொட்டாஞ்சேனையிலுள்ள சிறு அலுவலகத்துக்கும் அது பொருந்தும்.

‘சிறிய வியாபாரம் இவ்வளவையும் தாங்குமா?’ என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின் நியமனக் கடிதத்துக்கு ஒரு தாள் போதும். முறைப்பாட்டைக் கேட்பதற்கு அரைமணி நேரம் போதும். தொழில் பழகிய ஊழியன் மனம் வெறுத்துச் சென்றபின், புதியவனைப் பழக்குவதற்கு மாதங்கள் செல்லும். எது பெருஞ்செலவு என்பதை வியாபாரிக்கு விளக்கவேண்டியதில்லை.

வேலையில் விருப்பம் உள்ளவன் கிடைப்பது முதலாளிக்குப் பெரும் பேறு. அவ்விருப்பத்தை ஊதியத்திற் கழித்துக்கொள்வது, விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.